விசிலில் பேசுவது நிஜமா? காசிமேட்டில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காசிமேடு பக்கம் மொட்டை மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஒரு நாள் ஒலி அலை பாடம் நடத்தும்போது, விசிலாலேயே பேசிக்கொள்ளும் ஊர்கள் இருக்கின்றன என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, அப்பா அம்மாக்கள் கேட்க, டீக்கடையில் கேட்க, மீன் வாங்கப் போன இடத்தில் கேட்க, ஒரே பதிலை இருபது தடவை சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன், பேரை மட்டும் விட்டுவிட்டேன்.

"விசில்லயே பேசறாங்களாமே வாத்தியாரே, நெஜமாவா? இல்ல பசங்கள ஏமாத்த நீயே கட்டிவிட்ட கதையா?"

நிஜம்தான். ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கானரித் தீவுகளில் லா கோமேரா என்று ஒரு சின்னத் தீவு. தீவு முழுக்க மலை, மலையைக் கிழித்துக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்குகள். எதிர்ச் சரிவில் நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரிவார், ஆனால் அவரிடம் போய்ச் சேர இறங்கி ஏற அரை நாள் ஆகலாம். அங்கே 'மத்தியானம் வா, ஆடு ஒண்ணு காணோம், வரும்போது கயிறு எடுத்துட்டு வா' என்பதை முழுசாக விசிலில் சொல்லிவிடுவார்கள். அதற்கு சில்போ கோமேரோ என்று பெயர். 2009-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

"அப்ப இது நம்ம பஸ் கண்டக்டர் விசில் மாதிரிதானே சார்? ஒண்ணு அடிச்சா ஸ்டாப்பு, ரெண்டு அடிச்சா ரைட்டு."

இல்லை. அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கண்டக்டர் விசிலில் இருப்பது இரண்டே சேதி. 'பின்னாடி ஒரு பாட்டி இன்னும் ஏறல, கொஞ்சம் பொறு' என்று அவரால் அதில் சொல்ல முடியாது, அதற்கு வாயைத் திறந்து கத்தித்தான் ஆகவேண்டும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட அடையாளம் அது. மோர்ஸும் இது இல்லை. மோர்ஸில் ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி, கோடு என்று யாரோ உட்கார்ந்து ஒதுக்கினார்கள்.

விசில் பேச்சில் யாரும் எதையும் ஒதுக்கவில்லை. வாயில் வருகிற அதே ஸ்பானிஷ், அதே துருக்கி மொழி, தொண்டைக் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விசிலை வைத்தால் அதுதான். நாக்கு கிட்டத்தட்டப் பேசும்போது போகிற பக்கமே போகும். அதனால் நேற்று வரை யாரும் சொல்லாத ஒரு புது வாக்கியத்தையும் விசிலில் சொல்லலாம், எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

கோமேராவின் சரித்திரமே இதற்குச் சாட்சி. ஸ்பானியர்கள் 15-ஆம் நூற்றாண்டில் வந்து பிடிப்பதற்கு முன்னால் அங்கே இருந்த மக்கள் வட ஆப்பிரிக்காவிலிருந்து போனவர்கள், பெர்பர் மொழிகளுக்கு உறவான ஒரு மொழி பேசியவர்கள், அதிலேயே விசிலும் அடித்தவர்கள். பிற்பாடு அந்த மொழி செத்துப்போனது. விசில் சாகவில்லை, அப்படியே ஸ்பானிஷுக்கு மாறிக்கொண்டது. வீடு இடிந்தாலும் குடித்தனம் பக்கத்து வீட்டுக்குப் போன மாதிரி.

"எங்க மாடியில புறா விடறவர் அடிக்கிறாரே, அது இன்னா கணக்கு?"

அது கண்டக்டர் கணக்குதான், இன்னும் சொன்னால் அதைவிடக் கொஞ்சம் அழகான கணக்கு. தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு புறாக்காரர் ஏற்றிவிட ஒரு மாதிரி, இறக்க ஒரு மாதிரி என்று இழுத்து அடிப்பார். கையில் ஒரு பிடி கம்பைக் குலுக்கிக்கொண்டே அவர் அந்த இறங்கு விசிலை ஆரம்பித்தால், பொட்டுப் பொட்டாகத் தெரிந்த கூட்டம் சாய்ந்து திரும்பும். புறாவுக்கு அது பழக்கம், வாக்கியம் இல்லை. ஆட்டுக்கு அடிப்பதும் நாய்க்கு அடிப்பதும் இதே வகை.

இதில் நம் ஆட்கள் ரொம்பப் பழசு. விசிலுக்குத் தமிழில் வீளை என்று சொல் இருக்கிறது. நாக்கை மடித்து இடையன் அடிக்கும் வீளை கேட்டு, ஆட்டுக்குட்டியைத் தூக்கப் பதுங்கியிருந்த குள்ளநரி முள்தூறுக்குள் ஓடுகிற காட்சி அகநானூற்றிலேயே வருகிறது. சீட்டி, சீழ்க்கை என்பதும் இதுதான். பசங்களுக்கு விசில் ஒன்றுதான் தெரியும் என்பதால் நானும் விசில் என்றே எழுதுகிறேன்.

"ஒரே ஒரு ஊர்ல இருக்கிறதுக்கா இவ்ளோ பில்டப்பு?"

ஒரு ஊர் இல்லை. இது வரை ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்ததைக் கூட்டினால் 80 மொழிகளுக்குப் பக்கத்தில் வரும். துருக்கியில் கருங்கடல் பக்கம் கிரேசுன் மாகாணத்தில் ஒரு மலைக்கிராமத்துக்குப் பேரே குஷ்கோய், அதாவது பறவை ஊர், அவர்கள் விசிலுக்குப் பேர் பறவை மொழி. கிரேக்கத்தில் எவியா தீவின் ஆன்டியா கிராமம், மொராக்கோவில் அட்லஸ் மலையின் பெர்பர் மக்கள், மெக்சிகோவில் மசாடெக், சினான்டெக் மக்கள், தென்கிழக்கு ஆசிய மலைகளில் ஹ்மாங் மக்கள், அமேசானில் பிரஹா மக்கள். மலையும் அடர்ந்த காடும் இருக்கிற இடமாகவே வருகிறது, பாருங்கள்.

எனக்குப் பிடித்தது மெக்சிகோ கதை. ஜார்ஜ் கோவன் என்ற மொழியியலாளர் 1948-ல் எழுதியது. மலைச்சரிவில் அவர் குடிசை முன்னால் ஒரு மசாடெக் ஆள் நிற்கிறார். கீழே பாதையில் இன்னொருவர் சோளத்தட்டைச் சுமையோடு சந்தைக்குப் போகிறார். மேலே இருப்பவர் விசிலடிக்கிறார், கீழே இருப்பவர் பதில் விசில் அடிக்கிறார், இப்படி நாலைந்து தடவை. பிறகு அந்த ஆள் திரும்பி மேலே ஏறி வந்து சுமையைத் தொப்பென்று போடுகிறார், இவர் உள்ளே போய்க் காசு எடுத்து வந்து கொடுக்கிறார், அவர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேரம் முழுக்க விசிலிலேயே முடிந்துவிட்டது. நம் ஏலக்கூடத்தில் இருக்கிற சத்தத்தை நினைத்துப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

"என் கொரலும்தான் பெருசு, கடக்கரையில நின்னு கத்துனா பாதி குப்பத்துக்குக் கேக்கும். விசிலுக்கு மட்டும் இன்னா ஸ்பெஷல்?"

அக்கா, உங்கள் குரலுக்கு யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கத்தும்போது உங்கள் சக்தி ஒரே இடத்தில் போவதில்லை, தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று பல அலைவரிசைகளில் சிதறுகிறது. விசிலில் மொத்தமும் ஒரே மெல்லிய கோட்டில் குவிகிறது. வாளித் தண்ணியை வீசி ஊற்றுவதற்கும் குழாய் வாயை அழுத்திப் பீய்ச்சுவதற்கும் உள்ள வித்தியாசம். கைதேர்ந்தவர் அடித்தால் ஒரு மீட்டர் தள்ளி 120 டெசிபல் வரை போகும்.

இரண்டாவது, விசில் ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை விளையாடுகிறது. நம் காது ரொம்பக் கூர்மையாக இருப்பதும் அதே சுற்றுவட்டாரத்தில்தான். காற்று, அலை, ஆறு, டீசல் இன்ஜின் எல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழே உறுமுகிறவை. அதனால் இரைச்சலுக்கு மேலே விசில் தனியாக நிற்கிறது. கத்தினால் சில நூறு மீட்டரில் சத்தம் கேட்கும், சொல் புரியாது. விசில் தோதான பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டியும் சொல்லாகவே போய்ச் சேரும், கோமேராவில் 5 கிலோமீட்டர் வரை கூடச் சொல்வார்கள். தொண்டையும் கட்டாது.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது, ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 3 கிலோமீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு உங்கள் விசில் சேர ஒன்பது வினாடி, பதில் வர இன்னொரு ஒன்பது. அவசரக்காரர்களுக்கு ஆகாது.

"சரி, 'அம்மா'ன்னு ஒரு வார்த்தைய எப்படி விசிலா மாத்துவாங்க?"

மொழி எந்த ரகம் என்பதைப் பொறுத்தது. மசாடெக், ஹ்மாங் போன்றவை சுர மொழிகள், ஒரே சொல்லை உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறு பொருள். அவர்கள் அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் விசிலில் எடுத்துவிடுவார்கள். கிட்டத்தட்டப் பாட்டின் மெட்டை மட்டும் அடிக்கிற மாதிரி.

ஸ்பானிஷ், துருக்கி, கிரேக்கம் அப்படி இல்லை, நம் தமிழும் அப்படி இல்லை. அங்கே விசில் பின்பற்றுவது வாய்க்குள் நாக்கு இருக்கும் இடத்தை. 'ஈ' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு முன்னால் வந்து ஏறும், விசிலும் உச்சிக்குப் போகும். 'ஊ' என்றால் நாக்கு பின்னால் போகும், விசில் தாழும். 'ஆ'வும் தாழ்ந்த பக்கம்தான். யுனெஸ்கோ குறிப்புப்படி ஸ்பானிஷின் ஐந்து உயிரொலிகள் சில்போவில் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. இல்லை, நாலு தெரிகிறது என்று அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை.

மெய்யெழுத்து என்பது விசிலில் தனிச் சத்தமே இல்லை, இரண்டு உயிருக்கு நடுவில் விசில் எப்படி வளைகிறது, எங்கே அறுபடுகிறது என்பதுதான். 'த' வந்தால் மேலே எகிறி அறுபடும், 'ப' வந்தால் கீழே இறங்கி அறுபடும், 'ம' வந்தால் அறுபடாமல் கீழே குழைந்து வரும். அப்படிப் பார்த்தால் 'அம்மா' என்பது தாழ்ந்த விசில், நடுவில் ஒரு நீண்ட குழைவு, மறுபடி தாழ்ந்த விசில்.

"அப்ப 'பல்'லுன்னு அடிச்சா 'கல்'லுன்னு கேக்காதா?"

கேட்கும். சில்போவில் மெய்களெல்லாம் நாலு கூட்டமாகத்தான் அடங்குகின்றன. ப, க இரண்டும் ஒரே கூட்டம். தனிச் சொல்லாக அடித்தால் பழம் தின்று கொட்டை போட்டவர்களே தடுமாறுவார்கள்.

ஆனால் யார் தனிச் சொல்லாகப் பேசுகிறார்கள்? 'பல் வலிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போறேன்' என்றால் கல் வலிக்காது என்று எதிராளிக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் கேட்ட வாக்கியத்தைத் திருப்பி அடிப்பார், சரியா என்று. விசிலர்கள் ஒரே சேதியை இரண்டு தடவை சொல்வதும், முதலில் ஆள் பேரைக் கூப்பிட்டுக் காதைத் திருப்பிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவதும் இதனால்தான். பஜார் சத்தத்தில் போனில் பேசும்போது நாமும் அதைத்தானே செய்கிறோம்.

"விரல வாயில வச்சாத்தான் வருமா?"

தூரம் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் விரல். கோமேராவில் ஒரு விரலை மடக்கி முட்டியை நாக்குமேல் வைத்து, இன்னொரு கையைக் குவித்து வாய்ப்பக்கம் பிடித்துச் சத்தத்தைத் திசை காட்டி அனுப்புவார்கள். உதட்டைக் குவித்து அடிப்பது கிட்டத்தில் பேச. ஹ்மாங் மக்கள் இலையை உதட்டில் வைத்து ஊதிக் காதல் கூடப் பேசுவார்கள். எப்படி அடித்தால் என்ன, மேலே சொன்ன ஏற்ற இறக்கமும் அறுப்பும் வந்தால் போதும்.

"தமிழ்ல முடியுமா முடியாதா, ஒரே பதில் சொல்லு."

முடியும். துருக்கியில் முடிகிறது என்றால் தமிழில் முடியாமல் இருக்கக் காரணமே இல்லை. இன்னும் நமக்கு ஒரு லாபம், குறில் நெடில். 'படம்', 'பாடம்' வித்தியாசம் விசிலின் நீளத்திலேயே தெரிந்துவிடும். அடிபடப்போவது ல, ள, ழ. மூன்றும் ஒரே கூட்டத்தில் விழும், வலி, வழி எல்லாம் ஒன்றாகிவிடும். வாயால் பேசும்போதே வாயப்பயம் என்று சொல்கிற ஊர்க்காரன் நான், எனக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு அலைத்தடுப்புக் கல் மேல் போய் நின்று பார்த்தேன். நாலே சொல் முடிவு செய்துகொண்டோம்: மாமா, காக்கா, பீடி, ஊசி. அவன் இருநூறு அடி தள்ளி நின்றான். நான் வரிசை மாற்றி மாற்றி அடித்தேன், அவன் கேட்டதைக் கையைத் தூக்கி விரல் எண்ணிக்கையில் காட்டினான். பீடியும் ஊசியும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பீடி இரண்டு தடவையும் உச்சியில் நிற்கிறது, ஊசி தரையிலிருந்து எகிறுகிறது, குழப்பமே கிடையாது. மாமாவும் காக்காவும்தான் மானத்தை வாங்கின. காக்காவில் நடுவே விசில் சுத்தமாக அறுபட வேண்டும், எனக்கு அந்த அறுப்பு வரவில்லை, இழுத்துக்கொண்டே போனது. நாலு தடவை காக்காவை மாமா ஆக்கினான். வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"கடல்லதானே இது ரொம்பத் தேவை? நம்ம ஆளுங்ககிட்ட ஏன் வரல?"

இதை ஒரு போட் டிரைவர் அண்ணன் கேட்டார், நல்ல கேள்வி. நான் நினைப்பதைச் சொல்கிறேன். விசில் பேச்சு வேர்விட்ட இடங்களில் ஆட்கள் தினமும் அதே இடத்தில், அதே தூரத்தில் இருக்கிறார்கள். எதிர்ச் சரிவில் இருக்கும் தம்பியோடு வருஷம் முழுக்கப் பேசவேண்டும், குழந்தைகள் அதைக் கேட்டே வளரும். நமக்கு ஒரே படகில் இருப்பவர்கள் கைக்கெட்டும் தூரம், அடுத்த படகு விசிலுக்கும் எட்டாத தூரம். நடுவில் இருக்கிற நிலைமைக்குக் கையசைப்பும், துண்டை ஆட்டுவதும் போதுமாக இருந்தது. இப்போது வாக்கிடாக்கி இருக்கிறது. கரையில் குப்பம் நெருக்கமான குப்பம், ஜன்னலைத் திறந்தால் பேச்சு.

"அன்னிக்கு நீ அடிச்சது தெக்கால நின்ன எனக்குக் கேட்டுச்சு, வடக்கால இருந்த என் தம்பிக்குக் கேக்கல. ஏன்?"

காற்று. தரையை ஒட்டிக் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுகிறது. காற்றோடு போகும் ஒலி தரைப்பக்கம் வளைந்து இறங்கும், எதிர்க்காற்றில் போகும் ஒலி மேலே வளைந்து தலைக்குமேல் போய்விடும். அன்றைக்கு வாடைக்காற்று. விடியற்காலையில் கீழே குளிர்ந்தும் மேலே சூடாகவும் இருந்தால் ஒலி கீழ்ப்பக்கமே வளைந்து வெகுதூரம் போகும், நான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது. மத்தியான வெயிலில் அதே விசில் பாதி தூரம் போவதே பெரிசு.

"பொம்பளப் புள்ள விசில் அடிக்கலாமா? ராத்திரி அடிச்சா பாம்பு வரும்னு எங்க ஆயா சொல்லும்."

இரண்டு கேள்வி. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தாழ்ந்த அதிர்வுகளைத்தான் நன்றாக உணரும். விசில் போகிற உயரம் அதற்குக் கிட்டத்தட்ட எட்டாது. பாம்பு வந்தால் எலிக்காக வந்திருக்கும், உங்களுக்காக இல்லை.

அடுத்தது. கோமேராவில் ஆண், பெண் எல்லோரும் அடிப்பார்கள், எல்லோரும் படிக்கிறார்கள். மசாடெக் ஊர்களில் பெண்களுக்கு எல்லாம் புரியும், ஆனால் அடிப்பவர்கள் ஆண்கள்தான் என்று கோவன் எழுதியிருக்கிறார். ஆக இது வாயின் சமாச்சாரம் இல்லை, ஊர் வாயின் சமாச்சாரம். என் டியூஷனில் காதைப் பிளக்கிற மாதிரி அடிப்பது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவளிடம்தான் நான் இரண்டு விரல் வித்தையைக் கற்றுக்கொண்டேன்.

"போலீசுக்குத் தெரியாம பேசிக்கலாமே?"

இதைக் கேட்ட பையன் யார் என்று சொல்ல மாட்டேன். காவலர்கள் வருவதை ஒருவருக்கொருவர் விசிலில் சொல்லி நழுவிய கதைகள் கோமேராவிலேயே உண்டு. ஆனால் இது ரகசியத்துக்கு ரொம்ப மோசமான கருவி, சேதி மூன்று கிலோமீட்டருக்குப் பொதுவில் போகிறது. அந்தப் போலீஸ்காரர் அதே ஊரில் வளர்ந்தவராக இருந்தால் முடிந்தது கதை. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான், இது சங்கேதம் இல்லை, மொழி. மொழி தெரிந்தவனுக்குப் பழகினால் புரிந்துவிடும்.

"நம்ம இந்தியாவுல எங்கயும் இல்லியா?"

மேகாலயாவில் கிழக்கு காசி மலை மாவட்டத்தில் கோங்தோங் என்று ஒரு கிராமத்தைப் பற்றி எல்லோரும் அனுப்புகிறார்கள். அங்கே குழந்தை பிறந்ததும் அம்மா அதற்கென்று ஒரு மெட்டுக் கட்டுவாள், அதுதான் அதன் பேர். ஜிங்ர்வாய் இயாவ்பே என்று சொல்வார்கள். வீட்டில் கூப்பிடக் குட்டி மெட்டு, காட்டில் கூப்பிட நீளமான மெட்டு. அந்த ஆள் இறந்தால் மெட்டும் அவரோடு போய்விடும், வேறு யாருக்கும் வைக்க மாட்டார்கள். கேட்டால் மனசு கரையும். ஆனால் அதில் பேரைக் கூப்பிடலாம், பேரம் பேச முடியாது. சோளத்தட்டைக் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

"மூளைக்கு அது பாட்டா, பேச்சா சார்?" (பிளஸ் டூ பையன்)

இதில் இரண்டு ஆராய்ச்சி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு பக்கம் இழுக்கிற மாதிரி தெரியும். 2005-ல் கோமேரா விசிலர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். விசில் கேட்கும்போது இடப்பக்கத்து மொழிப் பகுதிகள் வேலை செய்தன. சில்போ தெரியாத ஸ்பானிஷ்காரர்களுக்கு அப்படி ஆகவில்லை, அவர்களுக்கு அது வெறும் விசில்.

2015-ல் ஓனுர் குன்டுர்குன் என்ற மூளை ஆராய்ச்சியாளர் துருக்கியின் குஷ்கோய்க்குப் போய் 31 பேரிடம் வேறு சோதனை செய்தார். ஹெட்போனில் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அசையை விட்டு எது கேட்டது என்று கேட்பது. சாதாரணப் பேச்சில் வலது காது ஜெயிக்கும், ஏனென்றால் வலது காதின் பாதை மூளையின் இடப்பக்கத்துக்குத்தான் பலமாகப் போகிறது. விசிலில் இரண்டு காதும் சமமாக வந்தன. சுருதி, மெட்டு ஆகியவற்றைக் கவனிக்கிற வலப்பக்கமும் பாதி வேலையை எடுத்துக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். என்னைக் கேட்டால் இரண்டும் மோதவில்லை: மொழிப் பகுதியும் வேலை செய்கிறது, கூட ஆள் ஒன்று சேர்ந்திருக்கிறது. பாட்டா பேச்சா என்றால் பேச்சுதான்.

"செல்போன் இருக்கும்போது இத எவன் அடிப்பான்?"

துருக்கியில் அதுதான் நடக்கிறது. 2017-ல் யுனெஸ்கோ பறவை மொழியை அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவை பட்டியலில் போட்டபோது முக்கியக் காரணமாகச் சொன்னதே செல்போனைத்தான். ஆன்டியாவில் விரல் விட்டு எண்ணுகிற அளவு ஆட்கள்தான் மிச்சம்.

கோமேரா மட்டும் முந்திக்கொண்டது. 1999 முதல் பள்ளியில் கட்டாயப் பாடம். டியூஷனில் இதைச் சொன்னதும், "அப்ப விசில் அடிச்சா அங்க டீச்சர் அடிக்க மாட்டாங்களா?" என்று கடைசி பெஞ்சு கேட்டது. அடிக்கவில்லை என்றால்தான் மார்க் போகும் என்றேன். அதற்கப்புறம் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை, கீழ் வீட்டு அக்கா படியேறி வரும் வரை.